நிரல் திறந்திருந்தால் நம்பலாமா?

இந்தியாவில் ஒரு வங்கி மூழ்கினால் வைப்புத்தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அதற்கு மேலும் ரிசர்வ் வங்கி, நீதிமன்றம், நாடாளுமன்றக் கேள்வி என்று முறையிட இடங்கள் இருக்கின்றன. பிட்காயின் போன்ற நாணயத்தின் தனிச்சாவியைத் தன்னிடமே வைத்திருப்பவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. கையிருப்பு எவ்வளவு, அதை யார் செலவழிக்கலாம், புதிய நாணயம் எந்த வேகத்தில் பிறக்கும் என்பதையெல்லாம் ஒரு மென்பொருள் தீர்மானிக்கிறது. அந்த மென்பொருளை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டால், துறையில் புழங்குவோர் தரும் முதல் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: மூலநிரல் திறந்தே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

இந்தப் பதில் எவ்வளவு பாரம் தாங்கும்? பார்க்கலாம் என்பதாலேயே யாரோ பார்த்துவிட்டார்கள் என்று ஆகுமா? பார்க்கக் கிடைத்த நிரலும் நம் கைப்பேசியில் ஓடும் நிரலும் ஒன்றுதானா? குறை வெளிப்பட்டால் யார் பொறுப்பு? கிரிப்டோ நாணயங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த வழக்கு தொடங்கிவிட்டது. பழைய வாதங்களில் சில இங்கே புது வலுப் பெற்றிருக்கின்றன, சில ஆட்டம் கண்டிருக்கின்றன.

பூட்டுக்காரர்களின் சண்டை

1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரெட் சார்லஸ் ஹாப்ஸ், திறக்கவே முடியாதவை என்று பெயரெடுத்திருந்த இரண்டு ஆங்கிலேயப் பூட்டுகளைத் திறந்து காட்டினார். அவற்றுள் ஒன்றான பிராமா பூட்டு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு பிக்காடில்லியில் ஒரு கடைச் சன்னலில் பல பத்தாண்டுகளாக இருந்தது. ஹாப்ஸுக்கு அதைத் திறக்க மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது. பூட்டின் குறையை ஊரறியச் சொல்வது திருடனுக்குத் துணைபோவதாகாதா என்று அப்போதே சர்ச்சை மூண்டது. திருடருக்கு இதெல்லாம் முன்பே தெரியும், தெரியாமல் இருப்பது பூட்டை நம்பிப் பணம் கொடுப்பவர்தான் என்று ஹாப்ஸ் தரப்பு வாதிட்டது.

இதே கேள்வி மறைகுறியீட்டிலும் எழுந்தது. 1883இல் மறையியலாளர் ஆகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் ராணுவ மறைகுறியீட்டுக்கு ஆறு விதிகளை வகுத்தார். அவற்றுள் இரண்டாவது, அமைப்பு ரகசியமாக இருப்பதை நம்பி அதன் பாதுகாப்பு இருக்கக் கூடாது, எதிரியின் கையில் சிக்கினாலும் இடையூறு வரக் கூடாது என்கிறது. 1949இல் கிளாட் ஷானனும் எதிரிக்கு அமைப்பு தெரியும் என்று வைத்துக்கொண்டே கணக்கிட வேண்டும் என்றார். கிரிப்டோ ஆதரவாளர்கள் கெர்க்ஹாஃப்ஸை அடிக்கடி சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆனால் அவர் கேட்டது வெளிப்பட்டாலும் தாங்கக்கூடிய வடிவமைப்பை. வெளிப்படுத்துவதாலேயே வடிவமைப்பு வலுப்பெறும் என்று அவர் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சிறியதல்ல.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தவர் நிரலாளர் எரிக் ரேமண்ட். லினக்ஸ் வளர்ந்த விதத்தை வைத்து 1997இல் அவர் முன்வைத்த கட்டுரை, பார்ப்பவர் எண்ணிக்கை பெருகினால் பிழைக்கு ஒளிய இடமிருக்காது என்ற கருத்தைப் பரப்பியது. இதற்கு வந்த மறுப்புகளில் எனக்கு மிகக் கூர்மையாகப் படுவது கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன் 2002இல் எழுதியது. நிரலைத் திறந்தால் காப்பவருக்குப் பிழை கண்டுபிடிப்பது எளிதாகிறது, தாக்குபவருக்கும் அதே அளவு எளிதாகிறது. ஆகவே குறிப்பிட்ட அனுமானங்களின்கீழ் திறந்ததும் மூடியதும் சமம் என்று அவர் கணித வழியில் காட்டினார். சமநிலையை எந்தச் சூழல் எந்தப் பக்கம் சாய்க்கிறது என்பதைத்தான் ஆராய வேண்டும் என்பது அவர் முடிவு. ஆய்வாளர்கள் ஆண்டி ஓஸ்மெண்டும் ஸ்டூவர்ட் ஷெக்டரும் 2006இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் ஏழரை ஆண்டு வரலாற்றை அலசினார்கள். வெளிவந்த 140 பாதுகாப்பு ஓட்டைகளில் 62 சதவீதம் ஆய்வுக் காலத்தின் தொடக்கத்திலேயே நிரலில் இருந்தவை. அவற்றின் முதல் பாதி வெளிவரவே இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. பாதுகாப்பையே மூச்சாகக் கொண்ட ஒரு திறந்த மூலத் திட்டத்தின் நிலை இது. கண்கள் வேலை செய்கின்றன, ஆனால் மெதுவாக.

வெளியிடுபவர் இல்லாத பணம்

பிட்காயின் மென்பொருள் 2009 ஜனவரியில் எம்ஐடி உரிமத்தோடு வெளியானது. இங்கே திறந்த நிரல் தரத்துக்கான சான்றிதழாக மட்டும் வரவில்லை. மொத்த நாணயம் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது என்ற விதியைக் காப்பது எந்த அலுவலகமும் அல்ல. அந்த விதியைத் தத்தம் கணினியில் ஓட்டிச் சரிபார்க்கும் கணுக்களே அதைக் காக்கின்றன. நிரலை ஒருவர் மட்டுமே பார்க்க முடியுமென்றால் அந்த உச்சவரம்பு ஒரு வாக்குறுதியாகச் சுருங்கிவிடும். நாணயம் வெளியிடும் அதிகாரி ஒருவர் மறுபடி முளைத்துவிடுவார், பெயர்ப்பலகை மட்டும் இருக்காது. ஆகவே உலாவிக்கோ புகைப்படச் செயலிக்கோ திறந்த மூலம் விரும்பத்தக்கது என்றால், வெளியிடுபவர் இல்லாத பணத்துக்கு அது இலக்கணத்திலேயே அடங்கியது என்கிறது இந்தத் தரப்பு.

2010 ஆகஸ்ட் 15 நிகழ்ச்சி இதற்குப் பெரிய சாட்சி. கூட்டல் எல்லை மீறும் ஒரு பிழையைப் பயன்படுத்தி யாரோ சுமார் 18,400 கோடி பிட்காயின்களை ஒரே பரிவர்த்தனையில் உருவாக்கிவிட்டார். பரிவர்த்தனைகள் பதிவாகும் பேரேடு திறந்திருந்ததால் அந்த அபத்தம் உடனே கண்ணில் பட்டது. நிரல் திறந்திருந்ததால் எங்கே பிழை என்று தெரிந்தது. சில மணி நேரத்தில் திருத்தம் வந்தது. ஒரு நாளுக்குள் திருத்திய பரிவர்த்தனைச் சங்கிலி முந்திக்கொண்டது. இதே நிகழ்ச்சியை மறுதரப்பும் காட்டலாம். திறந்த நிரலில்தான் அந்தப் பிழை ஒன்றரை ஆண்டுக்கு மேல் கிடந்தது.

அதிகம் பேசப்படாத இன்னொரு பயன், விலகிச் செல்லும் உரிமை. 2016 ஜூனில் எத்தீரியம் என்ற மேடையில் நிரலாகவே எழுதப்பட்டிருந்த ‘தி டாவ்’ முதலீட்டு ஒப்பந்தத்திலிருந்து, அந்த மேடையின் நாணயமான ஈதர் சுமார் 36 லட்சம் வடிந்தது. ஒப்பந்தத்தின் நிரல் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. ஜூலையில் எத்தீரியம் சமூகத்தின் பெரும்பான்மை விதியை மாற்றி அந்தப் பணத்தை மீட்டது. ஒப்புக்கொள்ளாதவர்கள் பழைய நிரலையே ஓட்டினார்கள், அது எத்தீரியம் கிளாசிக்காக இன்றும் இருக்கிறது. மூடிய மென்பொருளில் நிறுவனம் எடுக்கும் முடிவோடு ஒத்துப்போகாதவருக்கு நாணயத்தை விற்றுவிட்டுப் போவதைத் தவிர வேறு வழி இராது. ஆயினும் இந்த உரிமை எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. பிரிந்துபோன சங்கிலியில் நிரலாளர், சந்தை, பரிவர்த்தனை நிலையங்கள் எல்லாம் திரளாவிட்டால் அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

கண்கள் எங்கே போயின?

2018 செப்டம்பரில் பிட்காயினின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோரில் ஒரு பிழை வெளிப்பட்டது. வேகத்துக்காக ஒரு சரிபார்ப்பை நீக்கியதில், ஒரே நாணயத்தை ஒரே பரிவர்த்தனையில் இருமுறை செலவழிக்கும் வழி திறந்துவிட்டது. உச்சவரம்பே உடைந்திருக்கக் கூடிய பிழை அது. உலகில் மிக உன்னிப்பாகக் கவனிக்கப்படும் கிரிப்டோ நிரலில், 2017 மார்ச்சில் வெளியான பதிப்பிலிருந்து ஏறத்தாழ பதினெட்டு மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அதைக் கண்டு சொன்னவர் போட்டி நாணயமான பிட்காயின் கேஷின் நிரலாளர் ஒருவர் என்பது கவனிக்கத்தக்கது. எதிர் முகாமில் இருப்பவர்கூடப் படிக்க முடிகிறது என்பது திறந்த மூலத்துக்குச் சாதகமான செய்தி. அவரும் தற்செயலாகத்தான் கண்டார் என்றால் அது பாதகமான செய்தி.

இதைவிட நுட்பமானது ஜீகேஷ் கதை. பரிவர்த்தனை விவரங்களை மறைக்கும் இந்த நாணயத்தின் கணித அடிப்படையிலேயே, அளவின்றிக் கள்ள நாணயம் உருவாக்க இடம்தரும் ஒரு குறை இருந்தது. நாணயம் 2016 அக்டோபரில் தொடங்கியது, ஆய்வுக் கட்டுரை அதற்கும் முந்தையது, எல்லாமே பொதுவெளியில் இருந்தன. 2018 மார்ச்சில் அந்த நிறுவனத்தின் மறையியல் அறிஞர் ஏரியல் கேபிஸான் குறையைக் கண்டார். அதன்பின் நடந்ததுதான் நம் கேள்விக்கு முக்கியம். விஷயம் மிகச் சிலருக்குள் வைக்கப்பட்டது. குறையைப் பயன்படுத்தத் தேவையான தரவு அடங்கிய பொதுக் கோப்பொன்று இணையத்திலிருந்து ஓசையின்றி நீக்கப்பட்டது. அக்டோபரில் வேறு காரணத்துக்காகத் திட்டமிடப்பட்டிருந்த மேம்பாட்டுக்குள் திருத்தம் நுழைக்கப்பட்டது. உலகுக்குச் சொல்லப்பட்டது 2019 பிப்ரவரியில். குறையை யாரும் பயன்படுத்தியதற்கான தடயம் இல்லை என்றது நிறுவனம். மறைப்பதற்கென்றே செய்த நாணயத்தில் அந்தக் கூற்றை முழுமையாகச் சரிபார்ப்பது கடினம்.

ஆக, திறந்த திட்டமும் ஆபத்து நேரத்தில் மூடிக்கொள்கிறது. 2018இன் பிட்காயின் பிழையும் முதலில் கணுக்களை முடக்கும் பிழை என்று மட்டுமே அறிவிக்கப்பட்டது. நாணயப் பெருக்க அபாயம் திருத்தம் பரவிய சில நாட்களில்தான் சொல்லப்பட்டது. அப்படிச் செய்ததைக் குறை சொல்வது கடினம், வேறு எப்படிச் செய்வது? ஆனால் எல்லாம் எல்லோருக்கும் எப்போதும் தெரியும் என்ற பிரசாரத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பிட்காயின் கோர் குழுவே 2024 ஜூலையில் பழைய பதிப்புகளின் பத்துக் குறைகளைப் பின்னோக்கி வெளியிட்டு, இனி எப்போது எதை அறிவிப்போம் என்று விதி வகுத்தது. இந்த இடைக்கால மௌனத்துக்கு ஒழுங்கு தரும் முயற்சி அது.

மூன்றாவது எடுத்துக்காட்டு ‘மில்க் சேட்’ எனப்படும் ஓட்டை. லிப்பிட்காயின் என்ற திறந்த மூலத் தொகுப்பில் சாவி உருவாக்கும் ஒரு கட்டளை, வெறும் 32 பிட் அளவு தற்செயல்தன்மையையே பயன்படுத்தியது. அதாவது சுமார் 430 கோடி சாத்தியங்கள், சாதாரணக் கணினியே முயன்று தீர்த்துவிடும் எண்ணிக்கை. 2023 ஜூலையில் திருட்டுகள் நடந்த பிறகே விஷயம் துலங்கியது. மதிப்பிடப்பட்ட இழப்பு 9 லட்சம் டாலருக்கு மேல். அந்தக் கட்டளை உண்மையான பணத்துக்கானதல்ல என்று ஆவணத்தில் எச்சரித்திருந்தோம் என்று நிரலாளர்கள் வாதிட்டார்கள். பயன்படுத்தியவர்கள் ஆவணத்தையும் படிக்கவில்லை, நிரலையும் படிக்கவில்லை. பிட்காயின் கற்போரின் பாடநூலிலேயே அந்தக் கருவி இடம்பெற்றிருந்தது.

மூடி வைப்போர் சொல்வது

மூடிய தரப்பை ஏமாற்றுக்காரர் கூட்டமாகப் பார்ப்பது எளிது, ஆனால் நியாயமல்ல. அவர்களின் வலுவான வாதம் வன்பொருளிலிருந்து வருகிறது. தனிச்சாவியைப் பத்திரப்படுத்த பிரான்ஸின் லெட்ஜர் நிறுவனம் விற்கும் கருவிகள், கடன் அட்டைகளில் உள்ளதைப் போன்ற பாதுகாப்புச் சில்லைப் பயன்படுத்துகின்றன. சில்லுத் தயாரிப்பாளரோடு செய்துகொண்ட ரகசிய ஒப்பந்தத்தால் அதன்மேல் ஓடும் நிரலில் ஒரு பகுதியை வெளியிட முடியாது என்கிறார்கள். செக் குடியரசின் டிரெஸர் நிறுவனமோ தொடக்கத்திலிருந்தே நிரலையும் சுற்று வரைபடத்தையும் திறந்து வைத்து, பொதுச் சந்தைச் சில்லையே பயன்படுத்தியது. 2020 ஜனவரியில் கிராக்கன் நிறுவனத்தின் ஆய்வுக் குழு, டிரெஸர் கருவி சுமார் 15 நிமிடம் கையில் கிடைத்தால் சாவியை மீட்டெடுக்க உதவும் விதைச்சொற்களை அதிலிருந்து எடுத்துவிடலாம் என்று காட்டியது. கூடுதல் கடவுச்சொற்றொடர் வைத்திருந்தால் தப்பிக்கலாம். திருடன் கையில் கருவியே சிக்கும் அபாயத்துக்கு மூடிய சில்லு மேல், தயாரிப்பாளரே தவறிழைக்கும் அபாயத்துக்குத் திறந்த நிரல் மேல். எந்த அபாயம் யாருக்குப் பெரிது என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

2023 மே மாதம் லெட்ஜர், சாவியை மூன்று துண்டுகளாகக் குறியாக்கி மூன்று நிறுவனங்களிடம் சேமிக்கும் கட்டணச் சேவை ஒன்றை அறிவித்தது. விரும்பியவர் மட்டும் சேரலாம். ஆனாலும் கொந்தளிப்பு எழுந்தது. சாவி கருவியை விட்டு வெளியேற வழியே இல்லை என்று நம்பியிருந்தவர்களுக்கு, ஒரு மென்பொருள் அப்டேட் வந்தால் அது வெளியேற முடியும் என்பது அன்றுதான் உறைத்தது. நிறுவனம் தன் நிரலில் மேலும் பல பகுதிகளைத் திறப்பதாக வாக்களித்தது. டிரெஸர் பக்கத்திலிருந்து டிராபிக் ஸ்கொயர் என்ற துணை முயற்சி, தணிக்கை செய்யத்தக்க பாதுகாப்புச் சில்லை உருவாக்க ஏற்கெனவே புறப்பட்டிருந்தது. இரு முகாம்களும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்திருப்பதே இந்த வாதத்தில் உண்மை இரு பக்கமும் இருந்ததற்கு அடையாளம்.

ஆனால் மூடிய நிரலின் மிக மோசமான முகம் எஃப்டிஎக்ஸ் வழக்கில் தெரிந்தது. 2022 நவம்பரில் வீழ்ந்த அந்தப் பரிவர்த்தனை நிலையத்தின் இணை நிறுவனர் கேரி வாங், 2023 அக்டோபரில் நியூயார்க் நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னார். சகோதர நிறுவனமான அலமேடாவின் கணக்கு மட்டும் எதிர்மறை இருப்புக்குப் போகலாம் என்று நிரலிலேயே ஒரு சலுகை எழுதப்பட்டிருந்தது. வாடிக்கையாளருக்குக் காட்டிய காப்பு நிதித் தொகை, தற்செயல் எண் ஒன்றைப் பயன்படுத்திக் கணக்கிடப்பட்ட போலி. இவை பிழைகள் அல்ல, எண்ணிச் செய்தவை. பிழையைப் பிடிப்பதில் திறந்த மூலம் தடுமாறலாம். இப்படிப்பட்ட வரிகளை எல்லோர் முன்பும் எழுதிவைக்கும் துணிச்சல் வருவது அரிது. திறந்த நிரலின் தடுப்பு ஆற்றல் கவனக்குறைவின்மேல் செல்லுபடியாவதைவிட வஞ்சகத்தின்மேல் அதிகம் செல்லுபடியாகிறது என்பது என் கணிப்பு.

அதற்கும் விதிவிலக்கு உண்டு. ஐயோட்டா நாணயத்தின் சொந்த ஹாஷ் முறையில் 2017இல் எம்ஐடி ஆய்வாளர்கள் பலவீனம் கண்டபோது, அதன் நிறுவனர்களுள் ஒருவர் அதை நகலெடுப்போரைப் பிடிக்க வைத்த பொறி என்று விளக்கம் சொன்னார். உண்மையோ சமாளிப்போ, திறந்து வைத்த நிரலில் வேண்டுமென்றே குழி வெட்டியதாக ஒருவர் பெருமை பேசிய அபூர்வ நிகழ்ச்சி அது.

படித்தது ஒன்று, ஓடுவது ஒன்று

எல்லா வாதங்களுக்கும் அடியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மனிதர் படிப்பது மூலநிரல். கணினி ஓட்டுவது அதிலிருந்து தொகுக்கப்பட்ட இருமக் கோப்பு. யூனிக்ஸ் படைப்பாளர்களுள் ஒருவரான கென் தாம்ப்சன், டூரிங் விருது உரையாக 1984இல் வெளியிட்டதில், மூலநிரலில் சுவடே இல்லாமல், அதைத் தொகுக்கும் கம்பைலர் வழியாகப் பின்கதவை நுழைக்கலாம் என்று காட்டினார். பல ஆண்டுகள் இது அறிவார்ந்த விளையாட்டாகப் பார்க்கப்பட்டது. கிரிப்டோ உலகம்தான் இதை முதலில் அன்றாடப் பிரச்சினையாக எடுத்துக்கொண்ட இடங்களுள் ஒன்று. பிட்காயின் கோர் கிட்டியன் என்ற முறையைக் கடைப்பிடித்தது. தனித்தனி நபர்கள் ஒரே மூலநிரலைத் தொகுத்து, பைட் மாறாமல் ஒரே கோப்பு வருகிறதா என்று ஒப்பிட்டுக் கையொப்பமிடுவார்கள். 2021இல் வெளியான 22.0 பதிப்பிலிருந்து அந்த இடத்துக்குக் குயிக்ஸ் வந்தது. கம்பைலரையே மிகச் சிறிய விதைக் கோப்பிலிருந்து படிப்படியாகக் கட்டியெழுப்பும் குயிக்ஸின் முயற்சி 2023இல் 357 பைட் விதை வரை இறங்கியது. தாம்ப்சனின் கேள்விக்கு நடைமுறையில் கிடைத்த மிகச் சிறந்த பதில் அநேகமாக இதுதான்.

இந்த ஒழுக்கம் பயனரின் சாவிகளை வைத்திருக்கும் பெரும்பாலான வாலட் செயலிகளுக்கு எட்டவில்லை. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பிரபல ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பைப் பராமரித்துக் களைத்த நிரலாளர், உதவ முன்வந்த ஓர் அறிமுகமற்றவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். வந்தவர் இன்னொரு சிறு தொகுப்பைச் சேர்த்தார். அதன் பொது மூலநிரலில் தீங்கில்லை. விநியோகத்துக்கு ஏற்றிய சுருக்கப்பட்ட கோப்பில் மட்டும் கோபே என்ற பிட்காயின் வாலட்டின் சாவிகளைத் திருடும் வரிகள் இருந்தன. 2024 மார்ச்சில் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கத் தொகுப்பில் கண்டுபிடித்த பின்கதவும் ஏறக்குறைய இதே பாதையில் வந்தது: பல ஆண்டு நற்பெயர் சம்பாதித்த ஒரு முகமூடிப் பெயர், வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் சேர்க்கப்பட்ட ஒரு கோப்பு. திறந்திருந்ததால் நுழைந்தார்கள் என்றும் சொல்லலாம், திறந்திருந்ததால் திட்டத்துக்கு வெளியே இருந்த ஒருவர் தோண்டிப் பார்த்துப் பிடித்தார் என்றும் சொல்லலாம். இரண்டும் மெய்.

2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் களவாடப்பட்டது. வடகொரிய ஹேக்கர்கள்தான் செய்தார்கள் என்றது அமெரிக்க எஃப்பிஐ. பைபிட் பயன்படுத்திய சேஃப் கூட்டுக் கையொப்ப ஒப்பந்தத்தின் நிரல் திறந்தது, பலமுறை தணிக்கையானது, அன்றும் பழுதின்றியே இருந்தது. தாக்குதல் நடந்தது அந்த ஒப்பந்தத்துக்கு முகமாக இருந்த இணையப் பக்கத்தில். சேஃப் நிரலாளர் ஒருவரின் கணினி வழியாக உள்ளே வந்தவர்கள், பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டை பைபிட்டின் கணக்கு வரும்போது மட்டும் மாறி நடந்துகொள்ளும்படி திருத்தினார்கள். கையொப்பமிட்டவர்கள் திரையில் கண்டது ஒன்று, ஒப்புதல் தந்தது வேறொன்று. இதற்கு ஏழு மாதம் முன்பு, 2024 ஜூலை 18 அன்று இந்தியாவின் வசீர்எக்ஸ் சுமார் 23 கோடி டாலரை இழந்ததும் இந்த வகையில்தான். திரையில் தெரிந்த பரிவர்த்தனையும் கையொப்பமான பரிவர்த்தனையும் வேறாக இருந்தன என்று நிறுவனம் சொன்னது. மாற்றம் யார் பக்கத்தில் நிகழ்ந்தது என்பதில் அதுவும் அதன் காவல் சேவை நிறுவனமும் ஒன்றையொன்று சுட்டின. வசீர்எக்ஸில் கணக்கு வைத்திருந்தவருக்குச் சங்கிலி ஒப்பந்தத்தின் நிரல் பொதுவெளியில் இருந்ததால் எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

கைப்பேசியில் நிலைமை இன்னும் சிக்கல். ஆண்ட்ராய்டு செயலியை மூலநிரலோடு ஒப்பிட ஓரளவு வழி உண்டு. ஐபோனில் ஆப் ஸ்டோர் வழியாக வரும் செயலி குறியாக்கப்பட்டு வருவதால் அந்த ஒப்பீடு மிகவும் கடினம். செயலி திறந்த மூலமாக இருந்தாலும் கடையை நம்பித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு திறந்தால் திறந்தது?

பார்க்கலாம் ஆனால் பயன்படுத்தக் கூடாது என்ற நடுவகை உரிமங்கள் பெருகியிருக்கின்றன. மெட்டாமாஸ்க் என்ற வாலட் 2020இல் தாராள உரிமத்தைக் கைவிட்டு, மாதம் 10,000 பயனருக்கு மேற்பட்ட வணிகப் பயன்பாட்டுக்குத் தனி அனுமதி கேட்டது. நாணயப் பரிமாற்றச் சேவையான யூனிஸ்வாப், சுஷிஸ்வாப் என்ற சேவை அதன் நிரலை நகலெடுத்துப் போட்டியிட்ட அனுபவத்துக்குப் பிறகு, தன் மூன்றாம் பதிப்பை 2023 ஏப்ரல் வரை வணிக நகலெடுப்புக்குத் தடை விதித்து வெளியிட்டது. தணிக்கைக்குப் படிக்கக் கிடைத்தால் போதும் என்போருக்கு இவை போதும். விலகிச் செல்லும் உரிமையே முக்கியம் என்போருக்குப் போதாது. நம்பிக்கைக்கு எது தேவை என்ற கேள்வி இப்படி வழக்கறிஞர் மேசைக்கும் வந்துவிடுகிறது.

படிப்பவரின் கூலி, எழுதியவரின் பொறுப்பு

கட்டணத் தணிக்கை பெருந்தொழிலாகிவிட்டது. அதன் எல்லைக்கு யூலர் ஃபைனான்ஸ் என்ற கடன் சேவை ஒரு சான்று. பல நிறுவனங்கள் தணிக்கை செய்த அந்தத் திறந்த ஒப்பந்தத்திலிருந்து 2023 மார்ச்சில் சுமார் 19.7 கோடி டாலர் போனது. பின்னர் பெரும்பகுதி திரும்பி வந்தது விதிவிலக்கு. அதே ஆண்டு மே மாதம், பரிவர்த்தனைத் தடத்தை மறைக்கும் டொர்னேடோ கேஷ் சேவையின் நிர்வாக வாக்கெடுப்பில், முந்தைய முன்மொழிவு போலவே தோன்றிய ஒரு முன்மொழிவு ஏற்கப்பட்டது. உள்ளே ஒளிந்திருந்த ஒரு செயற்பாட்டைக் கொண்டு, முன்மொழிந்தவர் தமக்கே பெரும்பான்மை வாக்குகளை வழங்கிக்கொண்டார். நிரல் பொதுவில்தான் இருந்தது. வாக்களித்தவர் படிக்கவில்லை, படித்தவர் நம்பிவிட்டார்.

சட்டத்தின் திசை இன்னும் தெளியவில்லை. சுதந்திரம் தரும் அதே எம்ஐடி உரிமம், உத்தரவாதம் ஏதுமில்லை என்றும் சொல்லிவிடுகிறது. பிட்காயின் நிரலாளர்களுக்கு நாணய உரிமையாளர்பால் நம்பிக்கைக் கடமை உண்டு என்ற வாதம் விசாரிக்கத் தக்கதே என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் சொன்னது. வழக்குத் தொடுத்த தரப்பு பின்னர் கைவிட்டதால் விடை கிடைக்கவில்லை. டொர்னேடோ கேஷ் நிரலாளர்களுள் அலெக்ஸி பெர்ட்செவ் 2024 மே மாதம் நெதர்லாந்தில் 64 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ரோமன் ஸ்டார்ம் 2025 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஒரு குற்றச்சாட்டில் மட்டும் குற்றவாளி எனத் தீர்ப்பானது. மாற்ற முடியாத அந்த நிரலையே தடைப் பட்டியலில் சேர்க்க அரசுக்கு அதிகாரமில்லை என்று இன்னோர் அமெரிக்க நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருந்தது. நிரலை வெளியிடுபவர் சிறைக்குப் போகக்கூடும் என்றால் இனி யார் தம் பெயரோடு வெளியிடுவார்? பெயரில்லாத நிரலாளரைப் பயனர் நம்பலாமா? இந்தக் கேள்விகளை முன்வைப்போர் மிகைப்படுத்துகிறார்கள் என்று சொல்லிவிட முடியவில்லை.

முடிவாகாதவை

திறந்த நிரல் பாதுகாப்பானது என்ற வடிவில் வைத்தால் இந்த வாதம் நிற்பதில்லை; மேலே கண்ட சான்றுகள் அதைத் தாங்கவில்லை. மூடிய மென்பொருளின் தோல்விகள் முழுமையாக வெளிவருவதில்லை என்பதால் நேர்மையான ஒப்பீட்டுக் கணக்கும் கைவசம் இல்லை. 2023 ஜூனில் ஆட்டமிக் வாலட் பயனர்கள் 10 கோடி டாலருக்கு மேல் இழந்ததாக மதிப்பிடப்பட்டது. அதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்பே லீஸ்ட் அத்தாரிட்டி என்ற தணிக்கை நிறுவனம் அந்த வாலட்டைப் பற்றிப் பொதுவில் எச்சரித்திருந்தும், ஓட்டை எது என்பது வெளியாருக்கு இன்றும் தெளிவாகவில்லை. பிட்காயின், ஜீகேஷ், லிப்பிட்காயின் பிழைகளைப் பற்றி இவ்வளவு எழுத முடிவதே அவை திறந்திருந்ததால்தான். நிறுவனத்தின் சொல்லை மறுத்துச் சான்றோடு வாதிடும் வாய்ப்பு என்ற வடிவில் வைத்தால் வாதம் வலுவாகவே நிற்கிறது. ஆனால் அந்த வாய்ப்பு, தொகுப்பதிலும் விநியோகத்திலும் திரையிலும் வந்து அறுந்துபோகிறது. அடுத்த பத்தாண்டின் வேலை மூலநிரலைவிட இந்த மூன்று இடங்களில்தான் அதிகம் இருக்கும் என்று தோன்றுகிறது. நிரலைத் தானே படிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஆண்டர்சனின் சமநிலையை எந்தப் பக்கம் சாய்க்கும் என்பதை இப்போதே சொல்வது அவசரம்.

இதே கேள்வி அரசு நாணயங்களையும் எட்டியிருக்கிறது. ரிசர்வ் வங்கி சில்லறைப் பயன்பாட்டுக்கான மின்ரூபாய் முன்னோட்டத்தை 2022 டிசம்பர் 1 அன்று தொடங்கியது. அதன் மூலநிரல் பொதுவில் வைக்கப்படவில்லை. உத்தரவாதம் தர மத்திய வங்கியே இருக்கும்போது நிரலைக் காட்டத் தேவையில்லை என்பது புறந்தள்ள முடியாத வாதம். பிரேசில் மத்திய வங்கி வேறு வழியில் போனது. 2023 ஜூலையில், பின்னர் டிரெக்ஸ் எனப் பெயர் பெற்ற தன் முன்னோட்டத் திட்டத்தின் நிரலை வெளியிட்டது. சில நாட்களில், கணக்கை முடக்கவும் இருப்பைக் குறைக்கவும் அதில் செயற்பாடுகள் இருப்பதை வெளியார் ஒருவர் எடுத்துக்காட்டினார். அது பிழையல்ல, நீதிமன்ற உத்தரவை நிறைவேற்ற எந்த வங்கிக்கும் உள்ள அதிகாரம்தான் என்று ஒரு சாரார் சொன்னார்கள், அந்த அதிகாரம் யாரிடம் எந்த நிபந்தனையில் இருக்கும் என்று மறுசாரார் கேட்டார்கள். வங்கி நிரலை வெளியிடாமல் இருந்திருந்தால் அந்தச் செயற்பாடுகள் அங்கேயே இருந்திருக்கும். கேட்பதற்கு யாருக்கும் எதுவும் கிடைத்திருக்காது.